சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை

போன வைகாசியில் எங்கள் மாடி வீட்டுக்குப் புதுக் குடும்பம் ஒன்று வந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்கள். பையனைப் பாளையங்கோட்டையில் படிக்க வைக்க வேண்டும் என்று வயலையும் மாட்டையும் பெரியவர்களிடம் விட்டுவிட்டு வந்தவர்கள். பால் காய்ச்சிய அன்றைக்குச் சாவியோடு ஒரு நீல ஃபைலையும் அந்தப் பெண் கையில் கொடுத்தேன். அவள் அதைப் பிரித்து நாலு தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நாங்க எங்கக்கா கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள். கையெழுத்தெல்லாம் போன வாரமே முடிந்துவிட்டது, இது உங்களுக்கு, பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "எங்களுக்கா?" என்று மறுபடியும் கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. வாடகை வீட்டில் தாள் என்றால் நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. வீட்டுக்காரர் வாங்கி உள்ளே வைத்துக்கொள்வது. நமக்கென்று ஒன்று திரும்பி வரும் என்று யாரும் நினைப்பதில்லை. என் அப்பா 19 வருஷத்தில் 6 வீடு மாறினார். எல்லாம் திருநெல்வேலியில்தான்: சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், டவுனில் இரண்டு, பிறகு பாளையங்கோட்டையில் இரண்டு. அந்த 6 வீட்டுக்கும் சேர்த்து எங்களிடம் ஒரு காகிதம் கிடையாது. அப்பாவின் சட்டைப்பை டைரியில் "வாடகை கொடுத்தாயிற்று" என்று மாதாமாதம் எழுதியது மட்டும்தான் உண்டு. அதனால்தான், எங்களுக்கென்று ஒரு வீடு கட்டி மாடியை வாடகைக்கு விடுகிற நிலை வந்தபோது, குடி வருகிறவர்களுக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன். ஒரே நாளில் யோசித்ததில்லை. ஒவ்வொன்றும் எங்கேயோ பட்ட அடியிலிருந்து வந்தது.

முதலில் சிந்துபூந்துறை. அது ஒரு வளவு. நடுவில் முற்றம், சுற்றி ஐந்து குடித்தனம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு அடிபம்பு. வீட்டுக்கார ஆச்சி நல்லவர், எங்கள் மேல் பாசமாகத்தான் இருப்பார். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. எனக்கு அப்போது 11 வயது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, அணை திறந்துவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு. நாங்கள் பட்டாசலில் உட்கார்ந்திருக்கும்போதே வாசல்படிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா அரிசிப் பானையைத் தூக்குவதா எங்களைத் தூக்குவதா என்று தெரியாமல் நின்றாள். அப்பாவின் சர்டிபிகேட், ரேஷன் கார்டு, என் பள்ளிக்கூடப் புத்தகம், எல்லாம் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தன. பெட்டி முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு ஆச்சி வந்து சுவரைப் பார்த்துவிட்டு, "பெருவெள்ளம் வந்தா இந்த மாடக்குழி வரைக்கும் ஏறத்தான செய்யும்" என்றார். எப்போதும் நடப்பதைச் சொல்கிற மாதிரி சொன்னார். அவருக்கு அது தெரியும். அவர் மாமியார் காலத்திலிருந்தே தெரியும். அவருடைய சாமான்கள் எல்லாம் மச்சில் இருந்தன. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மறைக்கவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைக்காமல் பரண்மேல் வைத்திருப்போம். ஒரு வரி தெரிந்திருந்தால் போதும்.

அதனால் எங்கள் ஃபைலில் ஒரு பக்கம் தண்ணீர் பற்றித்தான். நாங்கள் இருப்பது பெருமாள்புரம் பக்கம், ஆற்றிலிருந்து தள்ளி. ஆனாலும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்த மழை அது. ஜங்ஷன், கைலாசபுரம், சிந்துபூந்துறை எல்லாம் மறுபடியும் முழுகின. எங்கள் தெருவில் முழங்கால் வரை ஓடியது, வீட்டுக்குள் வரவில்லை, ஆனால் கீழ்த் தண்ணீர்த் தொட்டிக்குள் சாக்கடைத் தண்ணீர் கலந்துவிட்டது. இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: தெருவில் எதுவரை வந்தது, வண்டியை எங்கே ஏற்றி நிறுத்த வேண்டும், மெயின் சுவிட்சு எங்கே இருக்கிறது, தொட்டித் தண்ணீரை எப்போது குடிக்கக் கூடாது. ஆற்றங்கரைப் பக்கம் வீடு வைத்திருக்கிறவர்கள் இதைச் சொன்னால் வீடு வாடகைக்குப் போகாது என்று பயப்படுகிறார்கள். வாடகை கொஞ்சம் குறையலாம். குறையட்டும். வந்து குடியிருக்கிறவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெட்டி நிறைய சர்டிபிகேட் இருக்கிறது.

அடுத்தது அட்வான்ஸ். அப்பா விஷயத்தில் நான் இன்றைக்கும் ஆறாமல் இருப்பது இதில்தான். டவுனில் இரண்டாவது வீட்டுக்கு 10 மாத வாடகை அட்வான்ஸ் கொடுத்தார். வாடகை ஒப்பந்தம் ஒன்று எழுதினார்கள், ஆனால் ஒரே பிரதி, அது வீட்டுக்கார அண்ணாச்சியின் பீரோவுக்குள் போனது. "எங்கிட்ட இருந்தா என்ன, உங்ககிட்ட இருந்தா என்ன சார், ஓடியா போயிருவேன்" என்று சொன்னார். அவர் ஓடவில்லை, 4 வருஷம் கழித்து இறந்துபோனார். நாங்கள் காலி செய்யும்போது மகன்கள், "அப்பா எங்ககிட்ட அப்படி எதுவும் சொல்லலையே" என்றார்கள். பீரோவில் தேடினோம், கிடைக்கவில்லை என்றார்கள். அப்பா டைரியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். நீங்கள் எழுதினது நீங்கள் எழுதினதுதானே என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னதில் தப்பு இருக்கிறதா என்று எனக்கு அப்போது தெரியாது. அப்பா டைரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரதவீதி வழியாகப் பேசாமல் நடந்து வந்தது மட்டும் தெரியும். 12,000 ரூபாய். அந்த வருஷம் என்னைக் கல்லூரியில் சேர்க்க நகையை அடகு வைத்தார்கள்.

இன்றைக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, வீட்டுக்காரர், வாடகைதாரர் இரண்டு பேருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் சொல்கிற 2017-ஆம் வருஷச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரி 22-லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. வாய்ப்பேச்சில் வீடு விடுவது என்பது அதில் கிடையாது, எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். இரண்டு பிரதி எழுதி இரண்டிலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒன்று வாடகைதாரரிடம் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் இல்லை, கையெழுத்துப் போட்ட அசல். ஒப்பந்தத்தை அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் வாடகை அதிகாரி பதிவு செய்து ஓர் எண் கொடுப்பார். அந்த எண்ணையும் நான் ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுகிறேன். அட்வான்ஸ் விஷயத்தில், இரண்டு பேரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டு எழுதியிருந்தால் தவிர, 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்து சாவியை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாடகை ஏற்றுவதென்றால் 3 மாதத்துக்கு முன்னாலேயே எழுத்தில் சொல்ல வேண்டும். வீட்டைப் பார்க்க உள்ளே வருவதென்றால்கூட 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். இது பல வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் "என் வீட்டுக்குள்ள நான் போக யாரைக் கேக்கணும்" என்பார்கள். வாடகைக்கு விட்ட அன்றைக்கே அது இன்னொருவருடைய அடுக்களை, இன்னொருவர் படுத்துத் தூங்குகிற இடம் என்பது அவர்கள் மனதில் ஏறவில்லை.

பத்து மாத அட்வான்ஸ் இன்னமும் பாளையங்கோட்டையில் சாதாரணமாக நடக்கிறது. நான் 3 மாதம்தான் வாங்குகிறேன். அதற்குத் தனியாக ஒரு ரசீது: தொகை, தேதி, யாரிடம் வாங்கியது, எந்த வழியில் வாங்கியது, எப்போது திருப்பிக் கொடுப்பேன், நான் இல்லாவிட்டால் யார் கொடுப்பார்கள். அந்தக் கடைசி வரியை எழுதியபோது என் கணவர், "இதெல்லாம் எதுக்கு எழுதுதே, நல்ல வாயால" என்று சங்கடப்பட்டார். டவுன் அண்ணாச்சியும் நல்ல மனிதர்தான். கணவரையும் அதில் கையெழுத்துப் போட வைத்தேன்.

இனி வீட்டுக்காரர்களின் பயத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் தாள் கொடுக்காததற்குப் பேராசையைவிடப் பயம்தான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் தெருவிலேயே கேட்டிருக்கிறேன்: "ரசீது கொடுத்தா ஆதாரம் ஆயிரும்", "ரேஷன் கார்டுல நம்ம வீட்டு விலாசம் ஏறிட்டா அப்புறம் கெளப்பவே முடியாது", "12 வருஷம் இருந்துட்டா வீடு அவங்களுக்கே போயிரும்". இந்த 12 வருஷக் கதையை நம்பித்தான் 11 மாதத்துக்கு ஒரு தடவை காலி பண்ணச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 11 மாதம் என்பது வந்த காரணமே வேறு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டம் சொல்கிறது, அதைத் தவிர்க்க 11 மாதம் என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. 12 வருஷம் என்பது உரிமையாளரை எதிர்த்து, எனக்கே சொந்தம் என்று வெளிப்படையாக அனுபவித்து வருகிறவருக்கு. வாடகை கொடுத்துக்கொண்டு, உங்கள் சம்மதத்தோடு இருக்கிறவர் 30 வருஷம் இருந்தாலும் வாடகைதாரர்தான். அவர் வாடகைதாரர் என்பதற்கு எது சாட்சி? நீங்கள் கொடுக்கப் பயப்படுகிற அந்த ஒப்பந்தமும் ரசீதும்தான். தாள் இல்லாத வீட்டில்தான் வம்பு வரும், இரண்டு பக்கத்துக்கும்.

விலாசச் சான்று இல்லாமல் ஒரு குடும்பம் படுகிற பாட்டை நேரில் பார்த்திருந்தால் இந்தப் பயம் பேச மாட்டார்கள். கேஸ் இணைப்பு மாற்ற, ஆதாரில் விலாசம் மாற்ற, வங்கிக் கணக்கு தொடங்க, பையனைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க, எல்லாவற்றுக்கும் எங்கே குடியிருக்கிறாய் என்பதற்கு ஒரு தாள் கேட்கிறார்கள். தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று கட்டாயக் கல்விச் சட்டம் ஒதுக்கிய 25 சதவீத இலவச இடத்துக்கு விண்ணப்பிப்பதென்றால், வீடு பள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதே முக்கியம்; வீடு இருக்கிறது, இருப்பதற்குச் சான்று இல்லை என்றால் என்ன செய்வது? 2023 வெள்ளத்துக்குப் பிறகு கடுமையாகப் பாதித்த தாலுகாக்களில் கார்டுக்கு 6,000 ரூபாயும் மற்ற இடங்களில் 1,000 ரூபாயும் ரேஷன் கடை வழியாகக் கொடுத்தார்கள். என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் ஜங்ஷன் பக்கம் ஒன்பது வருஷமாக வாடகைக்கு இருக்கிறார். கட்டில், பிரிட்ஜ், தையல் மெஷின் எல்லாம் போயிற்று. கார்டு மட்டும் சொந்த ஊரில். ஒன்பது வருஷமாக வீட்டுக்காரரிடம் விலாசம் மாற்ற ஒப்பந்த நகல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், "பாப்போம் பாப்போம்" என்பதுதான் பதில். அவர் பெயர் தண்ணீர் ஏறிய தெருவின் ரேஷன் கடையில் இல்லை.

அதனால் எங்கள் ஃபைலில், இன்னார் இன்ன தேதியிலிருந்து இந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறார், இந்த விலாசத்தைப் பயன்படுத்த எனக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம், கூடவே அந்த வருஷத்து வீட்டு வரி ரசீதின் நகல். வீட்டு வரி ரசீதை நகல் எடுத்துக் கொடுத்தால் வீடு போய்விடாது. அது எனக்குச் சொந்தமான வீடு என்பதற்குத்தான் அந்த ரசீது, அது அவர்களுக்கும் தெரிய வேண்டும். உண்மையில் வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்கிறவர் உரிமையாளர்தானா, அல்லது அண்ணன் தம்பி பாகப்பிரிவினை முடியாத வீட்டை ஒருவர் மட்டும் விடுகிறாரா என்பது குடி வருகிறவர் கேட்க வேண்டிய கேள்வி. நம் ஊரில் யாரும் கேட்பதில்லை, கேட்டால் மரியாதைக் குறைவு. கேட்காமலே நாம் கொடுத்துவிட்டால் அந்தச் சங்கடமே இல்லை.

வாடகை ரசீது மாதாமாதம். சம்பளக்காரர்கள் வருமான வரிக்கு வீட்டு வாடகைப் படி (எச்.ஆர்.ஏ.) காட்ட ரசீது வேண்டும், வருஷ வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் வேண்டும். பணமாக 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரசீதில் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். பான் எண் கேட்டதற்காகவே காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியும். வாடகை வருமானத்தை மறைப்பதற்காகக் குடியிருக்கிறவரை அலைய விடுவதை நான் எப்படிப் பார்த்தாலும் நியாயப்படுத்த முடியவில்லை.

கரண்ட் பில் விஷயத்தில் தவறு என்னுடையது. முதல் முதலாக மாடிக்கு வந்தவர்கள் புதிதாகக் கல்யாணமான ஜோடி, அந்தப் பெண் பி.எட். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாடிக்குத் தனி மீட்டர்தான். ஆனால் இணைப்பு என் பெயரில், மெசேஜ் வருவது என் போனுக்கு. நான் அதைப் பார்த்துவிட்டுச் சொல்ல மறந்துவிட்டேன். அவர்களிடம் மின் இணைப்பு எண்கூடக் கிடையாது, ரீடிங் எழுதுகிற அட்டையும் என்னிடமே இருந்தது. கடைசி நாள் தாண்டி, ஒருநாள் மத்தியானம் வந்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் அவளுக்குப் பரீட்சை. என்னிடம் சத்தம்கூடப் போடவில்லை, மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு மேலே போனாள். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போது அட்டையையே மேலே கொடுத்துவிடுகிறேன். இணைப்பு எண், எந்த மாதம் ரீடிங் எடுப்பார்கள், எதுவரை கட்டியிருக்கிறது, குடி வந்த அன்றைக்கு மீட்டரில் என்ன எண் இருந்தது என்பதன் போட்டோ, எல்லாம் ஃபைலில்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்று உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும், 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே இருந்த சலுகையும் குறைந்துவிடும். ஒரே மீட்டரில் கீழ் வீடும் மாடியும் ஓடினால், இரண்டு சின்னக் குடும்பம் சேர்ந்து ஒரு பெரிய குடும்பத்தின் விலையில் கட்டும், அது தவிர இலவச யூனிட்டும் ஒரு வீட்டுக்கு உள்ளதுதான் கிடைக்கும். சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு விலை சொல்கிறவர்கள், அந்த விலை எப்படி வந்தது என்று பில்லைக் காட்ட வேண்டும். காட்டாமல் வாங்குகிற பணத்தில் அவருக்கே எவ்வளவு அதிகம் என்று தெரியாது, தெரிந்தால் அது இன்னும் மோசம். வாடகைத் தகராறில் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்துவது சட்டப்படி முடியாது என்பதையும் ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதியிருக்கிறேன்.

குடிதண்ணீர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரும், கோடையில் எத்தனை நாளுக்கு ஒரு தடவை, வால்வு எங்கே இருக்கிறது, மோட்டார் எத்தனை நிமிஷம் ஓடினால் மேல்தொட்டி நிரம்பும். போர் தண்ணீர் உப்பு, துணி துவைக்க ஆகும், பருப்பு வேகாது. ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் இதைத் தெரியாமல் வந்து முதல் நாள் குழம்பு வைத்துவிட்டு முகம் சுளிப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். செப்டிக் டேங்க் எங்கே, கடைசியாக எப்போது எடுத்தது. பிளம்பர், எலக்ட்ரீஷியன் போன் எண். இதெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

ரிப்பேர் யார் பார்ப்பது என்பதில் முன்பெல்லாம் பேச்சு வளர்ந்துகொண்டே போகும். 2017 சட்டத்தின் அட்டவணையில் இதையும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கட்டடத்தின் பெரிய வேலை, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, பிளக், சாக்கடை அடைப்பு, வாஷ்பேசின், கதவுப் பிடி, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருக்கிறவர் பொறுப்பு. அந்தப் பட்டியலைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். குடி வருகிற நாள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுற்று நடந்து போட்டோ எடுத்துக்கொள்கிறோம்: எத்தனை ஃபேன், எத்தனை லைட், எத்தனை சாவி, அடுக்களை மேடையில் ஏற்கெனவே இருக்கிற கீறல், குளியலறைக் கதவின் கீழ்ப்பக்கம் ஊறிப்போனது. அது நான் மாற்றாமல் விட்டது. அவர்கள் காலி செய்யும்போது அவர்கள் தலையில் வரக்கூடாது.

ஒத்தி பற்றி எழுதாமல் விட முடியாது, நம் பக்கத்தில் அது இன்னும் நிறைய. மொத்தமாகச் சில லட்சம் கொடுத்து, வாடகை இல்லாமல் இருந்துவிட்டு, போகும்போது முழுப்பணத்தையும் வாங்கிக்கொண்டு போவது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. என் சித்தி மகன் வெளிநாட்டில் சம்பாதித்த 5 லட்சத்தை ஒரு வீட்டுக்கு ஒத்தியாகக் கொடுத்தான். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து, பதிவு இல்லை. ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் காலையில் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடனை அந்த ஆள் கட்டவில்லை. வங்கிக்கு இவன் யார்? வீட்டுக்காரர் பெயரைத்தான் அவர்களுக்குத் தெரியும். சமையல் பாத்திரத்தை எடுக்க அவகாசம் கேட்டு நின்றான். பணத்தில் பாதி திரும்ப வர நாலு வருஷம் ஆயிற்று, மீதி வரவே இல்லை.

ஒத்தி என்பது சட்டத்தின் கண்ணில் வாடகை இல்லை, அது ஒரு வகை அடமானம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியது. பதிவு செய்தால், சொத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டுகிற வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், பின்னால் வருகிற யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது. பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கிய விவரமும் பெரும்பாலும் அந்தச் சான்றிலேயே தெரிந்துவிடும். பதிவுத்துறை இணையதளத்தில் காசு இல்லாமலே பார்க்கலாம், சர்வே எண் தெரிந்தால் போதும். அந்த சர்வே எண்ணைக் கொடுக்க வேண்டியது யார்? வீட்டுக்காரர்தான். ஒத்திக்கு விடுகிறவர் வில்லங்கச் சான்றைத் தானே எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். தயங்குகிறார் என்றால் அந்த வீடு வேண்டாம். செலவாகிறது என்று பதிவு செய்ய மறுக்கிறார் என்றாலும் வேண்டாம். லட்சக்கணக்கில் கொடுக்கிறோம், பதிவுக்கு ஆகும் செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம்.

கொடுக்க வேண்டியதைச் சொன்னேன், கேட்கக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். வீடு பார்க்க வருகிறவர்களிடம் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்பது ஊர், அடுத்தது "ஊர்ல எந்தத் தெரு?" தெருவைக் கேட்பது எதற்கென்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். பதில் சொன்ன பிறகு, "வீடு பேசி முடிஞ்சிட்டு, இப்பதான் போன்ல சொன்னாங்க" என்று திருப்பி அனுப்புவதை அப்பாவோடு போய் நானே பார்த்திருக்கிறேன். எத்தனை பேர், என்ன வேலை, வாடகை எந்தத் தேதியில் கொடுக்க முடியும், ஆதார் நகல் ஒன்று. எனக்கு இது போதும். கறி சமைப்பது, விருந்தாட்கள் வருவது, ராத்திரி டூட்டி முடிந்து நேரம் கழித்து வருவது, இவற்றில் எனக்கு எந்த நிபந்தனையும் இல்லை என்பதையும் எழுதியே கொடுக்கிறேன், ஏனென்றால் எழுதாவிட்டால் அவர்கள் மூன்று மாதம் பயந்துகொண்டே மீன் வாங்குவார்கள்.

அம்பாசமுத்திரத்துப் பெண்ணுக்கு அந்த ஃபைலை வாசித்து முடிக்க நாலைந்து நாள் ஆகியிருக்கிறது. ஒருநாள் சாயந்திரம் கீழே வந்து, தார்சாவில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே ஒவ்வொரு பக்கமாகச் சந்தேகம் கேட்டாள். ரசீதை எந்தத் தேதியில் வாங்கிக்கொள்ள வேண்டும், பையன் பள்ளிக்கூடத்தில் இந்தக் கடிதத்தை அசலாகக் கேட்டால் என்ன செய்வது, இன்னொன்று கிடைக்குமா. எல்லாம் கேட்டுவிட்டு எழுந்தவள் வாசலில் நின்றாள். "அக்கா, ஒண்ணு கேக்கணும். மொட்டமாடிக்கு நாங்க போலாமா? கொஞ்சம் கூழ்வத்தல் போடணும், பங்குனியிலேயே போட்டுருக்கணும், வீடு மாத்துற அலைச்சல்ல விட்டுப்போச்சு. இதுல மாடியப் பத்தி ஒண்ணும் போடல."

போடவில்லைதான். இத்தனை பக்கம் எழுதியவள் மொட்டைமாடியை மறந்துவிட்டேன். பத்து நாளாக ஈரத்துணியை அறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்தியிருக்கிறாள். உள்ளே போய்ப் பேனாவை எடுத்து வந்து, தண்ணீர் பக்கத்துக்குக் கீழே இருந்த காலி இடத்தில், மொட்டைமாடி இரண்டு வீட்டுக்கும் பொது, துணி காயப்போடலாம், வத்தல் போடலாம், ராத்திரி காற்றுக்குப் படுக்கலாம் என்று எழுதித் தேதி போட்டுக் கொடுத்தேன். மாடிக் கதவின் சாவி என்னிடம் ஒன்றுதான் இருந்தது. மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனபோது இன்னொன்று போட்டு வந்தேன்.